பாட முடியாமல் நிற்கிறேன். என் சந்தோஷம் எங்கே போயிற்று?

வாசகர் கடிதம்:

"எனக்கு 58 வயது. 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சபையின் பாடகர் குழுவில் பாடினேன். ஓய்வுநாள் பள்ளியை நடத்தினேன். அந்த நாட்களில் ஜெபிக்க முழங்காற்படியிட்டாலே உள்ளம் பொங்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் திருமணமாகித் தொலைவில் இருக்கிறார்கள். ஊழியங்களையெல்லாம் விட்டுவிட்டு அவரைக் கவனித்துக்கொள்கிறேன். இப்போது வேதத்தைத் திறந்தால் எழுத்துகள்தான் தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பாடும்போது வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறேன். (வீட்டில் அவரைக் குளிப்பாட்டும்போது பழைய பாட்டுகள் பழக்கத்தில் வாயில் வரும், அவரும் கூடவே ஏதோ முணுமுணுப்பார். அதை ஆராதனை என்று சொல்ல முடியாது.) 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனத்தைக் காட்டி, உனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது, ஏதோ மறைவான பாவம் இருக்கிறது என்று ஐக்கியத்தில் ஒரு சகோதரி சொன்னார். சபைக்குப் போவதையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். என் சந்தோஷம் எங்கே போயிற்று? அது முன்பாவது உண்மையாக இருந்ததா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை உங்கள் கேள்விகளே என் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை வாசித்தபோது, அடைப்புக்குறிக்குள் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன இரண்டு வாக்கியங்கள் என்னை நிறுத்தின. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆவிக்குரிய பதிலைச் சொல்வதற்கு முன் உங்கள் உடலைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக ஒரு மனிதரைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் அவர் அசைந்தாலே விழித்துக்கொண்டு வாழ்கிறீர்கள். நீங்கள் கடைசியாக இடைவிடாமல் ஏழு மணி நேரம் உறங்கியது எப்போது? எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும்" என்று சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அவரைத் தட்டியெழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிரயாணம் வெகுதூரம் என்பதுதான் அவன் சொன்ன காரணம். தேவன் எலியாவிடம் "உனக்கு இங்கே என்ன காரியம்" என்று கேட்டது நாற்பது நாட்கள் கழித்து, ஓரேப் மலையில்தான். தீர்க்கதரிசிக்கே முதலில் உறக்கமும் உணவும் தேவைப்பட்டன என்றால், நாம் அந்த வரிசையை மாற்றக் கூடாது.

ஆகவே ஒரு மருத்துவரைப் பாருங்கள். எதிலும் நாட்டமின்மை அல்லது மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் தொடர்ந்து, அதனுடன் உறக்கம், பசி, கவனம் ஆகியவையும் கெட்டிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும் என்று மருத்துவம் கருதுகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே போன்ற சோர்வும் மந்தமும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். நோயாளியை நெடுங்காலம் பராமரிப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது மிகவும் சாதாரணம். வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன என்று எழுதினீர்களே, செய்தித்தாளைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கிறதா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். அப்படியானால் வறண்டது உங்கள் விசுவாசம் என்று எண்ணிக்கொண்டு, களைத்துப்போன மூளையைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடமும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுல் தீமோத்தேயுவுக்கு அவனுடைய வயிற்றுக்காக, கொஞ்சம் திராட்சரசம் குடி என்று சொன்ன வைத்தியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அந்தச் சகோதரி காட்டிய வசனம். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். யோபுவின் நண்பர்களும் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து மௌனமாக இருந்தவரை அவர்கள் சரியாகவே செய்தார்கள். வாயைத் திறந்து காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியபோதுதான் பிசகிற்று.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள், நான்கே அதிகாரங்கள். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதிய மனிதர் கட்டுண்டு சிறையில் இருந்தார். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தன்னைப் பார்க்க வந்த எப்பாப்பிரோதீத்து மரணத்திற்குச் சமீபமாய் வியாதிப்பட்டதையும், "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் இரங்கினதையும் எழுதுகிறார். துக்கத்தின்மேல் துக்கம் என்றால், முதல் துக்கம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது என்றுதானே பொருள்? மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்லுகிறேன் என்கிறார். துக்கமும் கண்ணீரும் கலந்த அந்தத் தாள்களில்தான் நான்காம் அதிகாரத்தின் சந்தோஷமும் எழுதப்பட்டது. அழுகிற ஒருவரை மடக்குவதற்கு அந்த வசனத்தை எடுத்துப் பயன்படுத்துகிறவர், அதை எழுதினவருடைய கண்ணீரைத் துடைத்தெறிந்துவிட்டுத்தான் அப்படிச் செய்ய முடியும்.

அந்த வசனத்தில் நாம் விரைந்து தாண்டிவிடும் சொல் ஒன்று உண்டு: "கர்த்தருக்குள்". சந்தோஷம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவைப் பவுல் சொல்லவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தைச் சொல்லுகிறார். எனக்குத் தெரிந்தவரை, பருவங்கள் மாறும்போது விசுவாசிகள் படும் கலக்கத்தில் பெரும்பகுதி இந்த இடத்தைப் பற்றியதுதான். நமது சந்தோஷம் தேவனுக்குள் இருப்பதாக நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருப்போம். உண்மையில் அதன் பெரும்பகுதி தேவன் தந்தவற்றில் குடியிருந்திருக்கும்: திடமான உடலில், பிள்ளைகள் நிறைந்த வீட்டில், நமக்கென்று ஓர் இடம் இருந்த ஊழியத்தில். இவை எல்லாம் ஒன்றாயிருந்த காலத்தில் எது எதில் இருந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வீடு காலியான பிறகுதான் தெரிகிறது. உங்கள் சந்தோஷம் இறந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அது தங்கியிருந்த அறைகள் சில இடிந்துவிட்டன.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இயேசுவின் சீஷர்களுக்கே இது நடந்தது. அதுவும் அவர்கள் தோற்றுப்போன நாளில் நடக்கவில்லை, வெற்றியோடு திரும்பிய நாளில் நடந்தது. லூக்கா பத்தாம் அதிகாரத்தில் எழுபது பேரும் சந்தோஷத்தோடே திரும்பி வந்து, பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்றார்கள். அந்த மகிழ்ச்சியை இயேசு பொய் என்று சொல்லவில்லை. கொடுத்த அதிகாரம் உண்மை, நடந்த ஊழியமும் உண்மை. ஆனாலும், "ஆவிகள் உங்களுக்குக் கீழ்ப்படிகிறதற்காக நீங்கள் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்" என்றார். நன்றாக நடந்த ஊழியத்தில் மகிழ்ந்திருந்தவர்களிடம் ஏன் அப்படிச் சொன்னார்? ஆவிகள் கீழ்ப்படியாத நாள் ஒன்று வரும் என்று அவர் அறிந்திருந்தார். லூக்கா அதற்கு முந்தின அதிகாரத்திலேயே, ஒரு பிள்ளையைப் பிடித்திருந்த ஆவியைச் சீஷர்களால் துரத்த முடியாமற்போனதை எழுதியிருக்கிறார். கீழ்ப்படிகிற நாளுக்கும் கீழ்ப்படியாத நாளுக்கும் பொதுவாக நிற்கிற ஒன்றின்மேல் அவர்களுடைய மகிழ்ச்சியை எடுத்து வைத்தார். உங்கள் பெயர் பாடகர் குழுப் பட்டியலிலிருந்தும் ஓய்வுநாள் பள்ளிப் பதிவேட்டிலிருந்தும் நீங்கிவிட்டது. இயேசு சொன்ன அந்த மற்றப் பதிவேட்டில் அது நீங்கவில்லை.

"அது முன்பாவது உண்மையாக இருந்ததா" என்ற உங்கள் கேள்விக்கு, ஆம் என்று தயங்காமல் சொல்லுவேன். ஆனால் அந்த நினைவை நீங்கள் பயன்படுத்தும் விதத்தைப் பற்றி ஒரு சொல் உண்டு. 42ஆம் சங்கீதத்தைப் பாடியவர் உங்களைப் போன்றவர். பண்டிகைக் கூட்டத்தோடே களிப்பும் துதியுமான சத்தத்தோடே தேவாலயத்திற்குப் போய்வந்தவர் அவர். இப்போது தொலைவில், தனிமையில் இருக்கிறார். அந்தப் பழைய நாட்களை நினைக்கும்போது என் உள்ளம் எனக்குள்ளே உருகுகிறது என்கிறார். அவர் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த நினைவைத் தன்னை அளக்கும் கோலாகவும் அவர் ஆக்கிக்கொள்ளவில்லை. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று தன்னிடமே கேட்டு, தேவனை நோக்கிக் காத்திரு என்று தனக்கே சொல்லுகிறார். அந்தப் பல்லவி 42இல் இரண்டு முறையும் 43இல் ஒரு முறையும் வருகிறது. ஒரு முறை சொன்னவுடன் கலக்கம் தீர்ந்திருந்தால் மூன்று முறை சொல்லவேண்டியிருந்திராது. மூன்றாம் முறைக்குச் சற்று முன்புதான் தேவனை "எனக்கு ஆனந்த மகிழ்ச்சியாயிருக்கிற தேவன்" என்று அழைக்கிறார்; அதற்குப் பிறகும் ஏன் கலங்குகிறாய் என்றே கேட்கவேண்டியிருக்கிறது. எனக்கு இந்த வரிசை மிகவும் ஆறுதலானது. தேவனே என் மகிழ்ச்சி என்று சொல்லத் தெரிந்த வாய்க்கும், கலங்குகிற உள்ளத்துக்கும் ஒரே ஆளுக்குள் இடம் இருக்கிறது.

நிலைத்த மகிழ்ச்சியை எப்படி அடையாளம் காண்பது என்பதைப் பற்றிச் சொல்வதற்கு, சபை வரலாற்றில் ஓர் அனுபவம் உண்டு. 1521ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பம்ப்லோனா நகரின் முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய லொயோலா இஞ்ஞாசியார் என்ற போர்வீரர் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். நேரம் போகாமல் இரண்டு விதமான கனவுகளில் மூழ்கினார். ஒன்று, வீரச் செயல்கள் செய்து ஒரு சீமாட்டியின் மனத்தைக் கவர்வது. மற்றது, தான் படித்த பரிசுத்தவான்களைப் போல வாழ்வது. நினைக்கும் வேளையில் இரண்டுமே இனித்தன. வேறுபாடு பிறகுதான் தெரிந்தது: முதல் கனவு கலைந்ததும் உள்ளம் வறண்டு கசந்தது, இரண்டாவது கலைந்த பிறகும் ஓர் அமைதியான மகிழ்ச்சி தங்கியிருந்தது. பின்னாளில் அவர் ஆன்மிக வழிகாட்டியாக ஆனபோது, ஓர் எண்ணத்தை அது வரும்போது இருக்கும் இனிமையால் அளக்காமல், அது விட்டுச்செல்லும் சுவையால் அளக்கச் சொன்னதற்கு அந்தப் படுக்கையே பள்ளிக்கூடமாக இருந்தது. நீங்கள் தேடுவது நெஞ்சு பொங்குவதையே என்றால், அது முன்போல வராமல் போகலாம். வயதோடும் பழக்கத்தோடும் அது தணிவது மனித இயல்பு. கணவருக்கு உணவூட்டி, துடைத்து, படுக்கவைத்துவிட்டு விளக்கை அணைக்கும் அந்த நிமிடத்தில், களைப்புக்கு அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். கசப்பு மட்டுமே தங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள், அதையும் பேசலாம்.

அதே இஞ்ஞாசியார் உங்கள் இன்னொரு கேள்விக்கும் பதில் தருகிறார். உள்ளம் வறண்டிருக்கும் காலத்தில், முன்பு தெளிவான நாளில் எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது அவருடைய விதி. சபைக்குப் போவதை நிறுத்துவதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். மூன்று ஆண்டுகளாக உறங்காத ஒருவர் வீட்டை விற்பதைப் பற்றி முடிவெடுத்தால் நாம் தடுப்போம் அல்லவா? போகும் விதத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட்டு முடிந்த பிறகு வாருங்கள், அதில் வெட்கமில்லை. பாட முடியாதபோது நின்றுகொண்டு மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள். 25 ஆண்டுகள் எத்தனையோ பேருக்காக நீங்கள் பாடியிருக்கிறீர்கள், இப்போது அவர்கள் உங்களுக்காகப் பாடட்டும். எஸ்றாவின் புத்தகத்தில், இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமிட்டு அழுதார்கள். மற்றவர்கள் கெம்பீரமாய் ஆர்ப்பரித்தார்கள். அழுகையின் சத்தம் எது, ஆர்ப்பரிப்பின் சத்தம் எது என்று ஜனங்களால் பகுத்தறியக் கூடாதிருந்தது என்று வேதம் சொல்லுகிறது. அழுதவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை.

ஜெபத்தைப் பற்றி: இப்போதைக்குச் சொந்தச் சொற்களைத் தேடி அலையவேண்டாம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். நாளொன்றுக்கு ஒன்றை எடுத்து, சத்தமாக, உணர்ச்சி வருகிறதா என்று பார்க்காமல் வாசியுங்கள். 13ஐ எடுக்கலாம், ஆறே வசனங்கள், "எதுவரைக்கும்" என்று தொடங்கி, பாடுவேன் என்று முடிகிறது. அந்த முடிவு பொய்யாகத் தோன்றும் நாளில் 88ஐ எடுங்கள். அது கடைசிவரை வெளிச்சத்துக்குத் திரும்பவே இல்லை. அப்படி ஒரு ஜெபம் வேதத்தில் இடம்பெற்றிருப்பதை நான் ஒரு பெரிய தயவாகக் கருதுகிறேன்.

பவுல் "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதியதையும் கவனியுங்கள். கற்றுக்கொண்டேன் என்கிறார். தமஸ்குவுக்குப் போன வழியில் ஒளியைக் கண்ட மனிதருக்குக்கூட அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. அடியும் பசியும் சேதமான கப்பல்களும் அவருக்கு அதைக் கற்பித்தன. முதல் சங்கீதத்தின் மரமும், தன் காலத்தில்தான் தன் கனியைத் தருகிறது. கனி இல்லாத மாதங்களிலும் அது இலையுதிராதிருப்பது, வேர் நீர்க்காலோரம் இருப்பதால். நீங்கள் கனியை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஊழியத்தை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன், ஆனால் அதை வாதிட இது இடமல்ல. உங்கள் போதகரிடமோ மூப்பர்களில் ஒருவரிடமோ, வாரத்தில் ஒரு மாலை யாராவது வந்து கணவரோடு இருக்கும்படி ஏற்பாடு செய்யக் கேளுங்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் ஜெபித்துக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை நான்கு மணிமுதல் ஆறு மணிவரை என்று சொன்னால் வருவார்கள். பிள்ளைகளிடமும் அப்படியே கேளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஆவிக்குரியதாக எதையும் செய்யவேண்டியதில்லை. உறங்குங்கள், நடந்துவிட்டு வாருங்கள்.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். 1745ஆம் ஆண்டு சுவீடனில் ஒரு மனிதரைப் பற்றிய குறிப்பு பதிவாகியிருக்கிறது. உங்கள் கணவரைப் போலவே அவருக்கும் வலது பக்கம் செயலிழந்து பேச்சு போயிற்று. ஆம் என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. ஆனால் நோய்க்கு முன் கற்றிருந்த ஞானப்பாட்டுகளை, யாராவது தொடங்கிவைத்துக் கூடப் பாடினால், அவர் சொற்களோடு தெளிவாகப் பாடினார். பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கிப் பேச்சைப் பறித்த பிறகும், பாட்டோடு பிணைந்த சொற்கள் பலரிடம் தப்பிவிடுகின்றன என்பதை மருத்துவர்கள் பிறகு பலமுறை கண்டார்கள். 1970களில் அதை வைத்து, ராகத்தோடு சொற்களைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கினார்கள். எல்லாருக்கும் அது பலிப்பதில்லை. ஆனால் உங்கள் கணவர் முணுமுணுப்பது வெறும் சத்தம்தானா, சொற்களா என்று நீங்கள் குனிந்து கேட்டதுண்டா?

நாளைக் காலையில் அவர் நன்றாக அறிந்த ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். குளிப்பாட்டும்போது மெதுவாக, வழக்கத்தைவிட நிதானமாகப் பாடுங்கள். அவர் உங்கள் உதடுகளைப் பார்க்கும்படி எதிரே நில்லுங்கள். அடியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திக் காத்திருங்கள். சொல் வந்தாலும் வராவிட்டாலும், பேச்சு சிகிச்சையாளர் ஒருவரிடம் அதைச் சொல்லி வழி கேளுங்கள். சபையில் உங்களுக்கு வராத பாட்டு அந்தக் குளியலறையில் வருகிறது. அதைப் பழக்கம் என்று தள்ளிவிட்டீர்கள். 25 ஆண்டுகள் பாடிப் பாடி உண்டான பழக்கம் அது. நீங்கள் உணராதபோதும் உங்கள் வாயிலும், பேச முடியாதபோதும் அவர் வாயிலும் அது இருக்கிறது.

இரண்டு வாரங்கள் கழித்து, மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும், உங்கள் கணவர் எந்தச் சொல்லைப் பாடினார் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.